மூன்றாவது கேள்வி

ஹேமாவதி அக்காவின் கம்ப்யூட்டரை எங்கள் கடைக்குக் கொண்டுவந்தது அவருடைய மாமியார் தாயாரம்மாள். ஷேர் ஆட்டோவில், மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பெட்டி மட்டும்தான். திரையும் கீபோர்டும் வீட்டிலேயே இருந்தன. பெட்டியைக் கடை முதலாளி எபினேசர் அண்ணனின் மேசைமேல் வைத்துவிட்டு, "இத்த தொறந்து குடுப்பா. எம்புள்ள பூட்டிக்கினு பூட்டான்" என்றார்.

எபினேசர் அண்ணன் சிரித்தார். "எங்க போனாரும்மா? போன் போட்டு பாஸ்வேர்ட் கேளுங்க."

"போன் எடுக்க மாட்டான்பா. செத்து ஏழு வாரம் ஆவுது."

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் ரோட்டில் உள்ள அந்தக் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அண்ணன் தன் நாற்காலியை விட்டு எழுந்து அதை வாடிக்கையாளருக்குப் போட்டுக் கொடுத்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இறந்தவர் பெயர் குணாளன். முப்பத்தாறு வயது. சிப்காட் தொழிற்பேட்டையில் அன்புசெல்வன் என்கிற லேபர் கான்ட்ராக்டரிடம் டைம் கீப்பராக இருந்தவர். காலை ஷிப்டுக்கு யார் யார் வந்திருக்கிறார்கள், யார் வரவில்லை என்று கம்பெனி கேட்டில் எழுதும் சீட்டு படமாக வாட்ஸ்அப்பில் வரும். அதைப் பார்த்து அட்டவணையில் வருகையைப் பதிந்து ஒன்பது மணிக்குள் கம்பெனிக்கு மெயில் அனுப்ப வேண்டும். அதற்காகத்தான் வீட்டில் அந்தக் கம்ப்யூட்டர். ஒரு வெள்ளிக்கிழமை கேட்டுக்கு எதிரே உள்ள கடையில் டீயை வாங்கிக் கையில் பிடித்தபடியே சாய்ந்துவிட்டார். கிளாஸ் உடையவில்லை என்று தாயாரம்மாள் சொன்னார். அதை எங்களிடம் ஏன் சொன்னார் என்று தெரியவில்லை.

அந்த வேலையை ஹேமாவதி அக்காவுக்கே தருவதாக அன்புசெல்வன் ஒத்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு நிபந்தனை. வரும் திங்கட்கிழமை ஒன்பது மணிக்குள் முதல் வருகைப் பதிவு போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் வேறு ஆள் தயாராக இருந்தார். போனில் செய்ய முடியாது. அந்த அட்டவணை போனில் திறக்கும், ஆனால் அதிலுள்ள கூட்டல் வேலை செய்யாது.

பாஸ்வேர்ட் யாருக்கும் தெரியாததால் புது விண்டோஸ் போடுவது என்று முடிவானது. போடுவதற்கு முன்பு உள்ளே இருப்பதை எடுத்து வைக்க வேண்டுமா என்று வாடிக்கையாளரிடம் இரண்டு முறை கேட்க வேண்டும் என்பது எபினேசர் அண்ணனின் சட்டம். ஒரு முறை கேட்டுவிட்டு அழித்து, பிறகு ஒரு கல்யாண ஆல்பத்துக்காக அடி வாங்கும் அளவுக்குப் போயிருக்கிறார். நான்தான் ஹேமாவதி அக்காவுக்குப் போன் செய்தேன்.

"போட்டோ, பைல் ஏதாச்சும் எடுத்து வெக்கணுமாக்கா?"

"வேணாம்."

"கொஞ்ச நேரம்தான் ஆவும். எடுத்துத் தர்றோம்."

"வேணாம்ங்க."

கடையில் கேரி பேக் வேண்டுமா என்று கேட்டால் சொல்வோமே, அந்தக் குரல். அண்ணனிடம் சொன்னேன். அவர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கினார்.

சனிக்கிழமை மதியம் பெட்டியை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். சிப்காட்டின் பின்பக்கம், ஒரே சுவரில் ஆறு வீடுகள் கொண்ட லைன் வீட்டில் நான்காவது. ஹாலில் கட்டிலும் கம்ப்யூட்டர் மேசையும் போக, நடக்கும் அளவுக்குத்தான் இடம். திரைமேல் பழைய துண்டு ஒன்று போர்த்தியிருந்தது. அக்கா அதை எடுத்து நான்காக மடித்துக் கட்டிலில் வைத்தார். பிறகு எடுத்து மறுபடி மடித்தார்.

அவருக்கு முப்பத்தொரு வயது. பொதட்டூர்பேட்டையில் பிறந்து, ப்ளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்து, காலேஜில் ஒரு வருடம் பி.காம் போயிருக்கிறார். இருபதாவது வயதில் அத்தை பையனுக்கே கட்டிக்கொடுத்தார்கள். அத்தைதான் தாயாரம்மாள். கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு வருடம் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தார். மகள் தேவதர்ஷினி பிறந்ததும் நின்றுவிட்டார். இதெல்லாம் நான் ஒயர்களை மாட்டிக்கொண்டிருந்தபோது தாயாரம்மாள் சொன்னவை. அக்கா பக்கத்திலேயே நின்றிருந்தார். வேறு யாரையோ பற்றிய பேச்சு மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார்.

பெட்டியை ஆன் செய்ததும் நீலத் திரை வந்தது. எந்த நாடு, எந்தக் கீபோர்ட் என்று வரிசையாகக் கேட்டது. எல்லாம் ஆங்கிலத்தில். ஒவ்வொன்றையும் நான் தமிழில் சொன்னேன். யார் பயன்படுத்தப் போகிறார்கள் என்று கேட்டதற்கு Hemavathi என்று அவரே ஒரு விரலால் தட்டினார். அடுத்து பாஸ்வேர்ட். யாராவது பாஸ்வேர்ட் தட்டும்போது நான் திரும்பிக்கொள்வது வழக்கம். திரும்பிக்கொண்டேன்.

"எங்கியாச்சும் எழுதி வெச்சிக்கோங்கக்கா."

"ஞாபகம் இருக்கும்."

அதற்குப் பிறகு அந்த மூன்று கேள்விகள் வந்தன. பாஸ்வேர்ட் மறந்துபோனால் ஆளை அடையாளம் காண்பதற்காகக் கேட்பவை. ஆறு கேள்விகளில் மூன்றைத் தேர்ந்தெடுத்து விடை தந்தால்தான் அடுத்த திரை வரும். எபினேசர் அண்ணனாக இருந்தால் மூன்றுக்கும் ஒரே எழுத்தைத் தட்டிவிட்டுப் போய்விடுவார். நான் ஒழுங்காகச் செய்வோம் என்று நினைத்தேன்.

பிறந்த ஊரைக் கேட்டது. பொதட்டூர்பேட்டையை ஆங்கிலத்தில் பஸ்ஸில் ஒரு மாதிரியும் ஆதாரில் ஒரு மாதிரியும் எழுதுகிறார்கள். அது வேண்டாம் என்றேன். முதலில் படித்த பள்ளியும் அப்படியே. "ஊராட்சி ஒன்றிய" என்று தொடங்கினால் முடிவதற்குள் நான்கு தப்பு வரும். அடுத்ததைப் படித்தேன்.

"உங்க அப்பாவும் அம்மாவும் மொதமொதல்ல சந்திச்ச ஊர் எதுன்னு கேக்குது."

தாயாரம்மாள் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சந்திச்சாங்களா? இன்னாமா இது, சினிமாக் கத மாரி கேக்குது? எந்தம்பி எங்க போய் சந்திச்சான்? நாங்க பொம்பளைங்க போய் பூ வெச்சிட்டு வந்தோம். தாலி கட்டச்சொல்லதான் இவம்மா மூஞ்சியே பாத்தான். பாத்துட்டு, 'இன்னாக்கா, நீ செகப்புன்னு சொன்னியே'ன்னு என்னாண்ட கேக்குறான், மேடையிலியே!"

நான் சிரித்துவிட்டேன். அக்காவும் சிரிப்பார் என்று திரும்பிப் பார்த்தேன். அவர் திரையில் அடுத்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் வளர்த்த பிராணியின் பெயர். "ஆட்டுக்கெல்லாம் யாருமா பேரு வெப்பா?" என்றார் தாயாரம்மாள். ஆனால் அக்கா வீட்டில் ஒரு நாய் இருந்ததாம், டைகர். அது சுலபம், Tiger. சின்ன வயதுச் செல்லப் பெயர் பேபி. அதுவும் சுலபம். மூன்றாவதாக மிஞ்சியது, மூத்த கசினின் பெயர்.

கசின் என்பது ஆங்கிலத்தில் ஒரே சொல். நான் அதைப் பிரித்துச் சொல்ல வேண்டியிருந்தது. பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள், பெரியம்மா, சித்தி பிள்ளைகள், அத்தை, மாமா பிள்ளைகள். நமக்கு இவர்களில் பாதிப் பேர் அண்ணன் தங்கை, மீதிப் பேர் கட்டிக்கொள்ளும் முறை. இயந்திரத்துக்கு அந்த வித்தியாசம் கிடையாது.

"இவங்க எல்லாருலயும் மூத்தவங்க யாரோ, அவங்க பேருக்கா."

"இனிஷியலோடயா?"

"இல்ல, பேரு மட்டும்."

"இதுக்கு இன்னா யோசன?" என்றார் தாயாரம்மாள். "எங்க வம்சத்துல மூத்தது எம்புள்ளதான். இவளுக்கு அத்த பையன்."

அக்கா கீபோர்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு சற்று நேரம் இருந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன். சில தட்டல்கள் கேட்டன. "ஆச்சு" என்றார். அடுத்த திரை வந்திருந்தது.

பிறகு தமிழ் எழுத்துருவை ஏற்றினேன், மெயிலைத் திறந்து காட்டினேன், அன்புசெல்வன் அனுப்பியிருந்த அட்டவணையை இறக்கி வைத்தேன். எல்லாவற்றுக்கும் தலையசைத்தார். புரிந்ததா என்று கேட்டபோது "புரிஞ்சிது" என்றார். வரும்போது வாசல்வரை வந்து, "மழ வரும்போல கீது, பாத்துப் போ" என்றார். வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை காலை ஏழு பத்துக்குப் போன் வந்தது.

"ஹெலன், தொறக்கல."

"எது தொறக்கலக்கா?"

"அது கேக்குற பாஸ்வேர்ட் எனக்குத் தெரியல."

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சொந்தக்காரர்கள் வந்திருந்ததால் கம்ப்யூட்டரை யாரும் தொடவில்லை. தான் என்ன தட்டினோம் என்று அவருக்குச் சுத்தமாக நினைவில்லை. தேவதர்ஷினியின் பெயர், அவள் பிறந்த தேதி, போன் நம்பர் எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டார். நான் கவரைப்பேட்டையிலுள்ள என் வீட்டிலிருந்து கிளம்பி அவர்கள் வீட்டுக்குப் போனபோது ஏழே முக்கால். கேட்டிலிருந்து சீட்டின் படம் ஏற்கெனவே வந்துவிட்டது. பெட்டியைக் கடைக்குக் கொண்டுபோய் மறுபடி எல்லாவற்றையும் போட்டு எடுத்தால் பதினொரு மணி ஆகும்.

அக்கா திரைக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்து மகளுக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் முடித்து ரிப்பன் கட்டியிருந்தது. குழந்தை பூட்டிய திரையில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்து நாக்கை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்த மூணு கேள்விக்கும் பதில் சொன்னா போதும்க்கா, புதுசா பாஸ்வேர்ட் வெச்சிக்கலாம்" என்றேன்.

டைகர். பேபி. மூன்றாவதில் Gunalan என்று நானே தட்டினேன். தவறு என்றது. மூன்றில் எது தவறு என்று அது சொல்லாது. ஆனால் முதல் இரண்டில் தவறு வர வழியில்லை.

"ஸ்பெல்லிங் எப்பிடிக்கா போட்டீங்க?"

"தெரியலயே."

"K-ல ஆரம்பிச்சீங்களா?"

"தெரியல ஹெலன்."

தாயாரம்மாள் உள்ளே போய் ஆதார் கார்டைக் கொண்டுவந்தார். அதில் Kunalan என்றிருந்தது. போட்டேன். தவறு. நடுவில் இன்னொரு எழுத்துச் சேர்த்தேன். தவறு. நிறைய முறை தவறினால் கொஞ்ச நேரம் எதையும் ஏற்காமல் பூட்டிக்கொள்ளும். அதை நான் அவர்களிடம் சொல்லவில்லை.

எட்டு மணிக்கு அன்புசெல்வனின் போன் வந்தது. அக்கா இரண்டு கையிலும் முடியைப் பிடித்திருந்ததால் தாயாரம்மாள் ஸ்பீக்கரில் போட்டார்.

"இன்னாம்மா ஹேமா, ஆய்க்கினு கீதா?"

"ஆய்க்கினு கீதுண்ணே."

"மொத நாளு, அதான் கேட்டேன். தப்பா நெனச்சிக்காத. குணாவுக்கோசரம்தான் உங்கிட்ட குடுத்தேன். ஒம்போதுக்கு மேல போச்சின்னா கம்பெனிக்காரன் என்னத்தான் கிழிப்பான்."

"அனுப்பிர்றேண்ணே."

போன் வைத்ததும் தாயாரம்மாள் மருமகள் பக்கம் திரும்பினார். "அடியே, நீ குணாளனத்தான் போட்டியா? அருண்பாண்டியனப் போட்டியா?" அருண்பாண்டியன் பள்ளிப்பட்டிலுள்ள பெரியப்பா மகன் என்று எனக்கு விளக்கினார். "அவன் இவனுக்கு மூணு மாசம் சின்னவன் பாப்பா. ஆனா பெரியவன்னு சொல்லிக்கினு திரிவான், மீசையப் பாத்து ஏமாந்துக்கினாளோ இன்னாவோ."

அதையும் போட்டேன். தவறு.

அக்கா இரண்டாவது பின்னலுக்கும் ரிப்பன் கட்டி முடித்தார். குழந்தையின் தோளில் தட்டி எழுப்பிவிட்டார். பையை மாட்டிவிட்டார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு அவள் போவதை வாசலில் நின்று பார்த்தார். திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தார். மணி எட்டு பன்னிரண்டு. வேலை போகப் போகிறது என்பது அவருக்குத் தெரியும். அவருடைய முகத்தில் அதற்கான அடையாளம் எதுவும் இல்லை.

"உட்ரு ஹெலன்" என்றார். "நீ கடைக்குப் போ. லேட்டாவுது."

"நாசமாப் போன மிசினு" என்றார் தாயாரம்மாள். "பேர கேட்டுதாம், இவ சொன்னாளாம்! பதினோரு வருசமா இவ வாயால அவன் பேர நான் ஒருவாட்டி கேட்டதில்ல. ரேஷன் கடையில புருசன் பேரு கேட்டாகூட, 'அத்தே, நீ சொல்லு'ன்னு என்னத்தான் இஸ்துக்கினு போவா."

நான் கீபோர்டிலிருந்து கையை எடுத்தேன்.

"அக்கா, நீங்க அவர எப்பிடிக் கூப்புடுவீங்க?"

அக்கா ஸ்டூலை முன்னால் இழுத்துப்போட்டு, டைகர் என்றும் பேபி என்றும் மறுபடி தட்டினார். மூன்றாவது கட்டத்தில் ஒரே விரலால் நான்கு எழுத்துகள். இந்த முறை நான் திரும்பிக்கொள்ளவில்லை. mama.

திரை மாறியது. புதிய பாஸ்வேர்ட் கேட்டது.

தாயாரம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சமையல் பக்கம் போனார். அங்கே எதையோ உருட்டும் சத்தம் கேட்டது. அக்கா தினசரிக் காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து, அதன் பின்புறம் புது பாஸ்வேர்டை எழுதி, பிறகு அதைப் பார்த்து எழுத்து எழுத்தாகத் தட்டினார். தாளை மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகினார்.

"அட்டவண எங்க கீது?" என்றார்.

மணி எட்டு இருபது. அட்டவணையைத் திறந்தோம். மொத்தம் அறுபத்துநான்கு பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே வந்திருந்தால் P, வராவிட்டால் A. எல்லாருக்கும் முதலில் P போட்டுவிட்டு, வராதவர்களுக்கு மட்டும் மாற்றினால் சீக்கிரம் முடியும் என்றேன். அப்படியே செய்தார். போனிலிருந்த சீட்டைப் பார்த்து வராதவர்களின் பெயர்களை நான் படித்தேன். துலுக்காணம், ஸ்டீவன், பாக்கியராஜ் என்று ஏழு பேர். அவர் ஒவ்வொரு பெயராகத் தேடிப் பிடித்து A என்று மாற்றினார்.

அடியில் கூட்டல் தானாக வந்தது. வந்தவர்கள் ஐம்பத்தேழு. கேட் சீட்டில் ஐம்பத்தாறு என்றிருந்தது.

"ஒண்ணு அதிகமா வருதுக்கா. யாரயோ வுட்டுட்டோம்."

மேலிருந்து ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தோம். நான் சீட்டில் பார்த்துச் சொல்ல, அவர் திரையில் விரலை வைத்துக்கொண்டே இறங்கினார். இருபத்துமூன்றில் விரல் நின்றது. அன்புசெல்வன் பழைய அட்டவணையைத்தான் அனுப்பியிருந்தார். குணாளன், டைம் கீப்பர். எதிரே P.

அக்கா அதைப் பார்த்தார். கடிகாரத்தில் இரண்டு நிமிடம் நகர்ந்தது.

"A போடணுமா?" என்று கேட்டார்.

"வேணாம்க்கா. அந்த வரியவே எடுத்துடலாம். A போட்டா வராதவங்க எட்டாயிடும்."

"எப்பிடி எடுக்குறது?"

காட்டினேன். அவரே அழுத்தினார். வரி போய், கீழே இருந்தவை மேலே ஏறின. ஐம்பத்தாறு என்று கூட்டல் மாறியது. ஆனால் இடதுபக்கம் வரிசை எண்ணில் இருபத்திரண்டுக்கு அடுத்து இருபத்துநான்கு நின்றது.

"இது தப்பா கீதே" என்றார். இருபத்துநான்கை அழித்து இருபத்துமூன்று என்று தட்டினார். அடுத்ததை அழித்து இருபத்துநான்கு. அதற்கடுத்தது இருபத்தைந்து. மேலே இரண்டு எண்ணைப் பிடித்து மவுஸால் கீழே இழுத்தால் எல்லாம் ஒரு நொடியில் மாறிவிடும். சொல்ல வாயெடுத்தேன். நேரம் இருந்தது. சொல்லவில்லை. நாற்பத்தொரு எண்களையும் ஒரே விரலால் ஒவ்வொன்றாக மாற்றினார். நடுவில் ஒரு முறை ஐம்பத்தொன்றை இரண்டு தடவை போட்டுவிட்டு, கண்டுபிடித்து, திருத்தினார்.

எட்டு ஐம்பத்திரண்டுக்கு மெயில் போனது. நான்கு நிமிடம் கழித்து அன்புசெல்வனின் குரல் பதிவு வந்தது. "வந்துச்சும்மா. கணக்கு சரியாக் கீது. நாளிக்கும் இதே டயத்துக்கு அனுப்பிச்சிடு. மாசம் முடியட்டும், ரெண்டாவது ஷிப்டும் உனக்கே குடுத்துர்றேன்."

அக்கா அதை ஒரு முறை கேட்டார். போனைக் கவிழ்த்து வைத்தார்.

"நாஷ்டா துண்ணுட்டுப் போ பாப்பா" என்று உள்ளிருந்து தாயாரம்மாள் கூப்பிட்டார்.

நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அக்கா இன்னும் அட்டவணையை மூடவில்லை. கடைசி வரியில் அம்புக்குறி நின்றுகொண்டிருந்தது.

"நாளிக்கு அறுவத்திமூணு பேருதானே?" என்று கேட்டார்.

"ஆமாக்கா. அறுவத்திமூணு."

சரி என்று தலையசைத்துவிட்டு எழுந்து, அரிசி களைய உள்ளே போனார்.